பணிக்கொடையும் பாசமும்

ஓய்வுக்காலத் திட்டமிடல் குறித்த நூல்கள் விலைவாசி, வட்டி விகிதம், வரி ஆகியவற்றை விரிவாக ஆராய்கின்றனவே தவிர, பணிநிறைவு விழாவில் போட்ட மாலை வாடுவதற்குள் வீடு தேடி வரும் விருந்தினருக்கு ஒரு பக்கம்கூட ஒதுக்குவதில்லை. அலுவலகத்தில் ஒரு டஜன் பென்சில் வாங்கவும் மூன்று பேர் கையெழுத்துக் கேட்ட அதிகாரி, ஆயுட்கால உழைப்பின் பலனை ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் தாரைவார்த்துவிடும் விந்தையை எந்தப் பொருளியல் கோட்பாடும் இதுவரை விளக்கியதாகத் தெரியவில்லை.

பேச்சு வழக்கில் கிராஜுவிட்டி எனப்படும் பணிக்கொடை, 1972ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த கணக்கின்படி, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் வீதம் வழங்கப்படுவது. மாதத்தை 26 நாளாகக் கொண்டு வகுப்பதால், கடைசியாக 52,000 ரூபாய் வாங்கியவருக்கு 30 ஆண்டுப் பணிக்கு 9 லட்சம் கிடைக்கும். இத்தொகையைக் கணக்கிட உரியவருக்கே கால்குலேட்டர் தேவைப்படுகையில், உறவினர் அதை மனக்கணக்காகவே போட்டு வைத்திருப்பது தமிழர்தம் கணித மரபுக்குப் பெருமை சேர்ப்பதாகும்.

இவ்வகையில் முதலிடம் மைத்துனருக்கே உரியது. நான்கு தென்னங்கன்றும் ஒரு நுழைவு வளைவும் அச்சிட்ட வழவழப்பான தாளை விரித்து, "பக்கத்துலயே பஸ் ஸ்டாண்ட் வரப்போகுது அத்தான், இப்ப விட்டா கிடைக்காது" என்று அவர் உரைக்கும்போது, மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றிதழையும் கேட்பது பண்பற்ற செயலாகக் கருதப்படுகிறது. அடுத்து வருபவர், வங்கி தரும் வட்டியைப் போல் இருமடங்கு தரும் நிறுவனத்தின் முகவர். 1990களில் அவ்வாறு வாக்களித்த நிதி நிறுவனங்கள் அடுத்தடுத்துக் கதவடைத்த பின்னரே, முதலீட்டாளர் நலன் காக்க 1997இல் தமிழ்நாடு அரசு தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. சட்டம் வந்துவிட்டது, முகவரும் வேறு பெயர்ப்பலகையுடன் வந்துகொண்டுதான் இருக்கிறார்.

இவர்களுக்கெல்லாம் தீனி போடவே சிலர் கம்யூட்டேஷனைக் கண்ணை மூடிக்கொண்டு நாடுகின்றனர். ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக மொத்தத் தொகை பெறுவதே கம்யூட்டேஷன். மத்திய அரசில் 60 வயதில் ஓய்வுபெறுபவர் மாதம் 10,000 ரூபாயை விட்டுக்கொடுத்தால் கைக்கு வருவது 9,83,280 ரூபாய். அப்பகுதி 15 ஆண்டு கழித்து மீண்டும் கிடைக்கத் தொடங்குவதற்குள் அவர் இழந்திருப்பது, அகவிலைப்படியைச் சேர்க்காமலேயே, 18 லட்சம். வீட்டுக் கடனை அடைக்கவோ மருத்துவச் செலவுக்கோ இதைப் பெறுவது நியாயமே. மனை வாங்குவதற்காகப் பெறுவது, இன்னும் வராத பஸ் ஸ்டாண்டுக்குத் தவணை கட்டுவதாகும்.

விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் செலவு இரட்டிப்பாகும் என்பதால், பணம் முழுவதையும் பீரோவில் பூட்டுவதும் அறிவுடைமை ஆகாது. அஞ்சலகங்களும் வங்கிகளும் நடத்தும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை செலுத்தலாம். ஐந்தாண்டுக்கால வைப்பான இதற்கு 8.2 சதவீத வட்டி எனில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். 60 வயதுக்கு முன்பே, 55 வயதுக்குப் பின் ஓய்வுபெற்றவர், பணப்பலன்களைப் பெற்ற மூன்று மாதத்துக்குள் இதில் சேரவேண்டும். உறவினருக்கோ மூன்று நாளே போதுமானதாக இருக்கிறது. இத்திட்டத்தை வகுத்தவர் குடும்ப வாழ்க்கையை நன்கறிந்தவராகவே இருத்தல் வேண்டும்: கூட்டுக் கணக்கு தொடங்க வாழ்க்கைத் துணையை மட்டுமே விதி அனுமதிக்கிறது, மைத்துனரை அனுமதிப்பதில்லை.