இன்னும் நடக்காத விபத்துக்கு நிராகரிப்புக் கடிதம் வேண்டி

அனுப்புநர்:
பாலிசிதாரர் ஒருவர்,
முகாம்: ஹனோய், வியட்நாம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
இழப்பீடு மறுப்புப் பிரிவு,
வெளிநாட்டுப் பயணக் காப்பீட்டு நிறுவனம்.
(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது. பொருந்துகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.)

பொருள்: வாடகை ஸ்கூட்டர் – ஹனோய் மாநகர் – இனிமேல் நடக்கக்கூடிய விபத்து – இழப்பீடு மறுப்பு ஆணையை முன்கூட்டியே வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் பாலிசிப் பத்திரம், பொடி எழுத்துப் பகுதி. 2. ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தம், 1949. 3. வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தம், 1968.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

நாளைக் காலை இந்த ஊரில் ஒரு ஸ்கூட்டரை வாடகைக்கு எடுக்கலாம் என்றிருக்கிறேன். விழுவேன் என்று சொல்லவில்லை. விழுந்தால் தாங்கள் என்ன எழுதுவீர்கள் என்பது மட்டும் இப்போதே தெரிகிறது. எலும்பு முறிந்த பிறகு தாங்கள் அதை அனுப்ப, நான் ஒற்றைக் கையால் உறையைப் பிரித்துப் படிக்க, எதற்கு இந்தச் சிரமம்? இன்றைக்கே அனுப்பிவைத்தால் நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்புவேன். மருத்துவமனையில் யாராவது இன்சூரன்ஸ் உண்டா என்று கேட்டால் உடனே எடுத்து நீட்டவும் வசதி.

முதலில் என் தகுதிகளைச் சொல்லிவிடுகிறேன். முறைப்படி எல்.எல்.ஆர். எடுத்து, ஆர்.டி.ஓ. மைதானத்தில் கால் ஊன்றாமல் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கியவன் நான். வெளிநாடு போகிறோமே என்று 1,000 ரூபாய் கட்டிச் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்தேன். இந்த அனுமதி நாடு முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டுமென்று 2022 ஆகஸ்டில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது, க்யூ.ஆர். கோடெல்லாம் உண்டு. இத்தனையும் இருந்தும் அது வியட்நாமில் செல்லாது. இந்தியா இருப்பது 1949 ஜெனீவா ஒப்பந்தத்தில். வியட்நாம் 2014-இல் சேர்ந்தது 1968 வியன்னா ஒப்பந்தத்தில். இரண்டும் ஐ.நா. வீட்டுப் பங்காளிகள்தான், ஆனால் ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு இன்னொருவர் போவதில்லை. ‘சர்வதேச’ அனுமதி எந்தெந்த தேசங்களுக்குள் செல்லாது என்பதை அதை வாங்குகிறவனேதான் தேடித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தாலும் இந்த விவரம் வராது.

இந்த ஆராய்ச்சியெல்லாம் வாடகைக் கடைக்காரருக்குத் தேவைப்படவில்லை. இன்று மாலை போய் விசாரித்தேன். நாள் வாடகை 1,50,000 டாங். எண்ணைக் கேட்டதும் பதறிவிட்டு, பிறகு கணக்குப் போட்டால் ஐந்நூறு ரூபாய்ச் சொச்சம். அவர் கேட்டது இரண்டே விஷயம்: பாஸ்போர்ட்டை அடகு வைக்கிறாயா, பணமாக முன்பணம் தருகிறாயா? பிறகு வண்டியைச் சுற்றிவந்து எங்கெங்கே கீறல் இருக்கிறது என்று மொபைலில் படம் எடுத்துக்காட்டினார். பின் மட்கார்டில் ஒன்று, சைலன்சரில் இரண்டு, கண்ணாடித் தண்டில் ஒரு நசுங்கல். வண்டியின் உடம்புக்கு இத்தனை ஆதாரம் சேர்த்தவர், ஓட்டப்போகிறவனின் லைசென்ஸைப் பார்க்கக்கூட ஆசைப்படவில்லை. நானாக எடுத்து நீட்டியபோது சிரித்தபடி திருப்பிக் கொடுத்து, ஒரு ஹெல்மெட்டைத் தந்தார். 2007 டிசம்பர் 15 முதல் இங்கே ஹெல்மெட் கட்டாயம். தெருவில் அநேகமாக எல்லோரும் போட்டிருக்கிறார்கள். எனக்குக் கிடைத்ததில் உட்பஞ்சு அரை விரற்கடைகூட இல்லை. ‘தரச்சான்று பெற்ற தலைக்கவசம்’ என்று தங்கள் பத்திரத்தில் வருகிற வரியை அப்போது நினைத்துக்கொண்டேன். மறுப்பு ஆணையில் அதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ள ஆட்சேபம் இல்லை.

தங்கள் படிவத்தில் ‘விபத்து நடந்த இடம்’, ‘விபத்து நடந்த விதம்’ என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. அவற்றை முன்கூட்டியே நிரப்பும் பொருட்டு ஹோன் கியெம் ஏரிக்குப் பக்கத்து முச்சந்தியில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். இங்கே போக்குவரத்து வலப்பக்கம். எட்டுத் திசையிலிருந்தும் வண்டிகள் வருகின்றன, எதுவும் நிற்பதில்லை, எதுவும் மோதுவதுமில்லை. முன்னால் இருப்பவரை நான் பார்த்துக்கொள்கிறேன், என்னைப் பின்னால் வருபவர் பார்த்துக்கொள்வார் என்பதுதான் ஏற்பாடு. ஹாரன் அடிப்பது கோபத்தில் அல்ல, வந்துகொண்டிருக்கிறேன் என்ற தகவலுக்கு. தெருவைக் கடக்கிறவர் ஓடவும் கூடாது, நிற்கவும் கூடாது. ஒரே வேகத்தில் நடந்தால் வண்டிகள் தாமாக விலகிப் போகும். தயங்கினால்தான் ஆபத்து. ஆனால் தங்கள் படிவமோ ‘மோதலைத் தவிர்க்கத் தாங்கள் எடுத்த நடவடிக்கை’ என்று கேட்கிறது. எந்த நடவடிக்கையும் எடுக்காமல் இருந்ததுதான் நடவடிக்கை என்று எழுதினால் ஏற்பீர்களா?

வெயிலுக்குப் பயந்து தலை முதல் கால் வரை துணியால் மூடிக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டும் பெண்களை இந்த ஊர்க்காரர்கள் ‘நிஞ்சா லீட்’ என்று கேலி செய்கிறார்கள். லீட் என்பது ஹோண்டாவின் ஒரு மாடல். இடப்பக்கம் இண்டிகேட்டர் போட்டுவிட்டு வலப்பக்கம் திரும்புவார்கள் என்பது புகார். நான் பார்த்தவரையில் ஆண்கள் இண்டிகேட்டரே போடுவதில்லை, அவர்களுக்கு யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை. சந்திரப் புத்தாண்டு நெருங்கும்போது ஆளுயர கும்குவாட் மரத்தைத் தொட்டியோடு பின்சீட்டில் கட்டிக்கொண்டு போவார்களாம். மரம் வந்து மோதினால் அது மோட்டார் வாகன விபத்தா, தாவரவியல் விபத்தா என்பதற்குத் தங்கள் பத்திரத்தில் விளக்கம் இல்லை.

சிவப்பு விளக்கில் மட்டும் நிலைமை வேறு. 2025 ஜனவரி 1 முதல் சிக்னலை மீறும் இருசக்கர வாகனத்துக்கு அபராதம் 40 லட்சம் முதல் 60 லட்சம் டாங். நம் பணத்தில் சுமார் 13,000 முதல் 20,000 ரூபாய் வரை. நடைபாதையில் ஏற்றி ஓட்டினாலும் அதே தொகை. அதற்கு முன்பு சிக்னலை மீறினால் தண்டனை இதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். இப்போது விளக்கில் எண்கள் இறங்கி முடியும்வரை மொத்தக் கூட்டமும் அசையாமல் நிற்கிறது. குடித்துவிட்டு ஓட்டுவதிலும் கண்டிப்பு அதிகம்: 2020 முதல் ஒரு சொட்டு மதுவுக்கும் சலுகை கிடையாது. தெருவோரம் பியா ஹோய் என்கிற பீர் ஒரு கிளாஸ் குடித்தவர் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் தங்கள் பத்திரமும் வியட்நாம் அரசும் வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போவதைக் கண்டு மகிழ்ந்தேன்.

எனக்கு ஆறுதலாக இருக்கிற இடம் லாங் பியென் பாலம். செந்நதிக்குக் குறுக்கே பிரெஞ்சுக்காரர்கள் 1899-இல் தொடங்கி 1902-இல் முடித்தது. நடுவில் ரயில், இரண்டு ஓரங்களிலும் இருசக்கர வண்டிகளும் நடப்பவர்களும். கார் ஏற முடியாது. ஊரெல்லாம் வலப்பக்கம் ஓடும் போக்குவரத்து இந்தப் பாலத்தில் இடப்பக்கம் ஓடுகிறது. அங்கே மட்டும் என் கை கால்களுக்கு எல்லாம் தெரியும். பாலத்தில் விழுந்தால் பழக்கமான பக்கத்தில் விழுந்தவன் என்று ஏதாவது சலுகை உண்டா? போர்க்காலத்தில் அமெரிக்க விமானங்கள் பலமுறை குண்டு போட்டு உடைத்தும், ஒவ்வொரு முறையும் ஒட்டுப்போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். அந்தப் பாலத்துக்கு எந்த நிறுவனம் காப்பீடு கொடுத்தது என்று விசாரித்துச் சொன்னால் அடுத்த பயணத்துக்கு அங்கேயே பாலிசி எடுத்துக்கொள்வேன்.

இப்போது சட்டப்படி நடக்க எனக்கு இருக்கும் ஒரே வழிக்கு வருகிறேன். வியட்நாமில் 50 சிசி வரையுள்ள வண்டிக்கு லைசென்ஸே வேண்டாம். 16 வயது ஆனால் போதும். பள்ளிக்கூடம் விட்டதும் மாணவர்கள் அதில்தான் சாரி சாரியாகப் போகிறார்கள். நானும் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு அவர்களோடு சேர்ந்துகொள்ளத் தயார். சந்தேகம் என்னவென்றால், ‘பயணம் செய்யும் நாட்டில் அந்த வகை வாகனத்துக்குச் செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமம் இருந்திருக்க வேண்டும்’ என்கிறது தங்கள் பத்திரம். உரிமமே தேவைப்படாத வண்டிக்குச் செல்லுபடியாகும் உரிமத்தை எங்கிருந்து கொண்டுவருவது? வியட்நாம் அரசிடம் கேட்டால் இல்லாததை எப்படிக் கொடுப்பது என்பார்கள். தங்களிடம் கேட்டால் கொடுக்காததற்கு எப்படிப் பணம் தருவது என்பீர்கள். 110 சிசி வண்டியில் விழுந்தால் உரிமம் செல்லாது, 50 சிசி வண்டியில் விழுந்தால் உரிமம் கிடையாது. ஆக இரண்டுக்கும் தனித்தனியாக மறுப்பு ஆணை அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன். எந்த வண்டி கிடைக்கிறதோ அதற்கேற்ற தாளை வைத்துக்கொள்கிறேன்.

நடந்து போகலாமே என்று தாங்கள் சொல்லக்கூடும். நடைபாதை முழுக்க ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. மிச்ச இடத்தில் அடுப்பு, சூப்புப் பானை, முக்காலிகள். நடக்கிறவனும் சாலையில்தான் நடக்க வேண்டும். ஆனால் நடக்கும்போது ஒரு ஸ்கூட்டர் என்மேல் மோதினால் தங்கள் பாலிசி பணம் தருகிறது! அதே மோதலில் நான் ஸ்கூட்டர்மேல் இருந்தால் தராது. அப்படியானால் விழப்போவது உறுதி என்று தெரிந்த கணத்தில் வண்டியிலிருந்து குதித்துப் பாதசாரியாகிவிட்டால் போதுமா? எத்தனை நொடி முன்னதாகக் குதிக்க வேண்டும் என்பதைத் தெரிவித்தால் இன்றிரவு விடுதி மாடிப்படியில் பயிற்சி எடுப்பேன்.

தங்கள் விளம்பரத் தாள் கையில் இருக்கிறது. பளபளவென்று நல்ல தாள். ஒரு இளம் ஜோடி கடலோரச் சாலையில் ஸ்கூட்டரில் போகிறார்கள். அந்தப் பெண்ணின் கூந்தல் காற்றில் பறக்கிறது, அதாவது ஹெல்மெட் இல்லை. ஓட்டுகிற இளைஞர் ஒரு கையை விட்டுவிட்டு வானத்தைக் காட்டுகிறார். கீழே ‘கவலையின்றிப் பயணியுங்கள்’ என்று தங்கள் வாசகம். இந்தப் பாலிசியின் எத்தனை விதிவிலக்குகளில் அந்த ஜோடி விழுகிறது என்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். படம் எடுத்த அன்று அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நம்புகிறேன்.

ஒரு சின்ன யோசனை, கோபித்துக்கொள்ளக் கூடாது. பாலிசி விற்கும்போது என்னிடம் வயது கேட்டீர்கள், சர்க்கரை உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, வாரிசு யார் என்று கேட்டீர்கள். போகும் நாடு வியட்நாம் என்று நானே எழுதிக்கொடுத்தேன். அங்கே போகிறவர் ஸ்கூட்டர் ஓட்டுவாரா, அவர் லைசென்ஸ் அங்கே செல்லுமா என்று ஒரு வரி சேர்த்துக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சிலர் பாலிசி எடுத்திருக்க மாட்டார்கள், சிலர் ஸ்கூட்டர் எடுத்திருக்க மாட்டார்கள். இரண்டாவது நடப்பது தங்களுக்கு லாபம், முதலாவது நடப்பது நஷ்டம். கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் கேட்காமல் விட்டீர்கள் போலும். கடைக்காரர் கேட்கவில்லை, விடுதிக்காரர் கேட்கவில்லை, பெட்ரோல் போடுகிறவரும் கேட்கப்போவதில்லை. இந்த நகரத்தில் என் லைசென்ஸைத் தேடிப் பிடித்துப் பார்க்கப்போகிற ஒரே அலுவலகம் தங்களுடையது. அதுவும் ஆம்புலன்ஸ் வந்துபோன பிறகு.

கடைசியாக, தொழில் நிமித்தமான ஒரு எச்சரிக்கை. ஹனோயின் முதல் வட்டச் சாலைக்குள் பெட்ரோல் இருசக்கர வாகனங்களை 2026 ஜூலை 1 முதல் நிறுத்த ஏற்பாடு செய்யும்படி 2025 ஜூலையில் வியட்நாம் பிரதமர் உத்தரவிட்டார். காலம் மின்சார வண்டியை நோக்கிப் போகிறது. பத்திரத்தின் விதிவிலக்குப் பகுதியில் ‘இயந்திரத் திறன் சிசி’ என்று மட்டுமே இருக்கிறது. மின்சார வண்டிக்கு சிசி கிடையாது. அந்த ஓட்டை வழியாக யாராவது இழப்பீடு வாங்கிவிடும் அபாயம் இருக்கிறது. உடனடியாக அடைக்கவும்.

தங்கள் மறுப்பை ஆவலுடன் எதிர்பார்க்கும்,
பாலிசிதாரர்.

இணைப்பு:
1. சர்வதேச ஓட்டுநர் அனுமதி, நகல் (க்யூ.ஆர். கோடு வேலை செய்கிறது).
2. பாஸ்போர்ட் நகல். அசல் நாளைக் காலை முதல் கடைக்காரரின் மேஜை இழுப்பறையில் இருக்கும்.
3. வண்டியின் கீறல்களைக் காட்டும் புகைப்படங்கள்.
4. என் எக்ஸ்ரே – பின்னர் சமர்ப்பிக்கப்படும்.