விழுறதுன்னா வெவரமா விழு, அப்பு!

அப்பு, இப்புடி வா, உக்காரு. பல்லவன் எக்ஸ்பிரஸ்ல படியில நின்னுக்கிட்டு, ஒரு கையில கம்பியும் ஒரு கையில போனுமா காத்து வாங்கிக்கிட்டே திருச்சிக்குப் போறியாமே? ஒங்க ஆத்தா வந்து மூக்கைச் சிந்திட்டுப் போகுது. “நீங்களாச்சும் புத்தி சொல்லுங்கய்யா”ன்னுச்சு. தொங்காதடான்னு சொன்னா நீ கேக்கவா போற? அதனால நான் வேற புத்தி சொல்றேன். விழுறதுன்னா சட்டம் தெரிஞ்சு வெவரமா விழு. கோர்ட்டு வாசல்ல வக்கீல் குமாஸ்தாவா காலந்தள்ளுன கெழவன் சொல்றேன், காதுல வாங்கிக்க.

மொதல்ல ஒண்ணு. முடிவு பண்ணி விழாத. அது தற்கொலைக் கணக்குல போயிரும், சல்லிக்காசு தேறாது. தற்செயலா விழணும். ரயில்வே சட்டம்னு 1989ல ஒண்ணு போட்டாங்க. ரயிலும் ரயிலும் மோதுனா, தடம்புரண்டா நட்டஈடுன்னு அதுல 124ஆம் பிரிவு இருந்துச்சு. மொத்தமா செத்தா கணக்கு உண்டு, தனியா நழுவி விழுந்து செத்தவனுக்குக் கணக்கில்லை. 1994லதான் யாருக்கோ ரோசனை வந்து 124ஏன்னு ஒரு ஒட்டுப் போட்டாங்க. ஆளு ஏத்திக்கிட்டுப் போற ரயில்லேருந்து பயணி தற்செயலா விழுந்துட்டா, ரயில்வே மேல தப்பு இருக்கோ இல்லையோ, பணத்தை எண்ணி வைக்கணும். உசுருக்கு 4 லட்சம்னு ரொம்ப நாளு இருந்துச்சு. 2017 சனவரியிலேருந்து 8 லட்சம். கை போனா இம்புட்டு, கண்ணு போனா இம்புட்டுன்னு தனித்தனியா வெலைப்பட்டியலும் உண்டு. ஒன்னோட ஒடம்புல எது எம்புட்டுப் பெறும்னு ஒனக்கே தெரியாது, டெல்லியில எழுதி வச்சிருக்கான்.

ரெண்டாவது, டிக்கெட்டோட விழு. கேசு போட்டா, எப்புடி விழுந்தான்னு கேக்கிறதுக்கு முன்னாடி டிக்கெட் எங்கேன்னுதான் எதிர்த்தரப்பு கேக்கும். நீதான் இப்ப டிக்கெட்டைப் போன்ல எடுக்கிற ஆளாச்சே. நீ ஒரு பக்கம் விழுந்தா போன் ஒரு பக்கம் போய் விழும். அதை எவன் எடுத்துட்டுப் போனானோ, அவன் பாட்டு கேட்டுக்கிட்டு இருப்பான். சட்டைப்பையில அட்டை டிக்கெட் வச்சிருந்த அந்தக் காலத்திலயும் இதே பாடுதான். ஆளு கெடைச்சா டிக்கெட் கெடைக்காது.

நல்லவேளை, 2018ல உச்ச நீதிமன்றம் இதுக்கு ஒரு வழி சொல்லுச்சு. ரீனா தேவி வழக்குன்னு வக்கீலுங்க சொல்லுவாங்க. டிக்கெட் கெடைக்கலைங்கிற ஒரே காரணத்துக்காக மனுவைத் தள்ளக்கூடாது. அதுக்காக, தண்டவாளத்தோரம் கெடந்த ஒடம்பெல்லாம் பயணின்னு எடுத்துக்கவும் முடியாது. வீட்டுக்காரங்க விவரம் சொல்லி சத்தியப் பிரமாணப் பத்திரம் தாக்கல் பண்ணணும். அதுக்கப்புறம் அந்த ஆளு பயணி இல்லைன்னு காட்ட வேண்டியது ரயில்வே பாடு. அதனால ஏறும்போதே டிக்கெட்டை ஒங்க ஆத்தா போனுக்கு ஒரு தட்டுத் தட்டி அனுப்பிரு. எந்த வண்டி, எந்த ஊர் வரைக்கும்னு ஒரு வரி சேத்துப் போடு. புள்ளைக்கு என்னா பாசம்னு ஆத்தாவும் நெனைச்சுக்கிரும். மனு போடுற எடம் ரயில்வே உரிமைக்கோரல் தீர்ப்பாயம், நம்ம பக்கத்துக்குச் சென்னையில. ஒரு வருசத்துக்குள்ள போடணும். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பந்தல் போடுறப்பவே யாராச்சும் ஒருத்தர் இதை ஞாபகப்படுத்தணும். நம்ம ஊர்ல அதைத்தான் யாரும் செய்யிறதில்ல. கறிக்கு எத்தனை கிலோன்னு மட்டும் கணக்குப் பாப்பாய்ங்க.

மூணாவது, குடிச்சுப்புட்டு விழாத. போதையில பண்ணுன காரியம், பைத்தியத்துல பண்ணுனது, தானே தன்னைக் காயப்படுத்திக்கிட்டது, குத்தம் பண்ணப்போயி மாட்டுனது, வியாதியால நேந்தது, இதுக்கெல்லாம் 124ஏ கெடையாது. டாஸ்மாக்கும் சர்க்கார் கடை, ரயிலும் சர்க்கார் வண்டி. அதுல வாங்குனதை ஊத்திக்கிட்டு இதுலேருந்து விழுந்தா ரெண்டு சர்க்காரும் ஒன்னையக் கண்டுக்காது.

கதவுகிட்ட நின்னதே குத்தம்னு ரயில்வே வாதாடிப் பாத்துச்சு. கவனக்கொறைவு வேற, குத்தம் வேறன்னு 2010லயே உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. அதுக்காக நீ மீசையை முறுக்காத. படியில தொங்குறதுக்குன்னே 156ஆம் பிரிவு தனியா இருக்கு. எச்சரிச்சும் எறங்கலைன்னா மூணு மாசம் வரைக்கும் உள்ள, இல்லைன்னா 500 ரூவா வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் வரும்.

நாலாவதுதான் சூட்சுமம். விழுற எடம். பிளாட்பாரத்துல பேந்து கெடக்கிற கல்லு தடுக்கி விழுந்து இடுப்பு ஒடைஞ்சா 124ஏ ஒன்னையத் திரும்பிப் பாக்காது. ஏன்னா நீ ரயில்லேருந்து விழலை, பிளாட்பாரத்துல விழுந்த. அதே பிளாட்பாரத்துல ஒரு ரவுடிப்பய ஒன்னைய வெட்டுனாலோ, கொள்ளைக்காரன் அடிச்சாலோ, எவனாச்சும் குண்டு வச்சாலோ சட்டம் ஓடியாரும், நட்டஈடு உண்டு. பத்து ரூவா பிளாட்பார டிக்கெட் வச்சிருந்தாலே போதும். ரவுடிக்குச் சட்டத்துல எடம் இருக்கு, ஒடைஞ்ச கல்லுக்கு இல்ல. கல்லு தடுக்குன கெழவி நுகர்வோர் கோர்ட்டு, சிவில் கோர்ட்டுன்னு தனியா அலையணும். கல்லைப் பேத்துப் போட்டது யாரு, பாக்காம விட்டது யாருன்னு கெழவிதான் நிரூபிக்கணும். தண்டவாளத்தைக் குறுக்க தாண்டி அடுத்த பிளாட்பாரத்துக்குப் போற வீரனுக்கு நட்டஈடு தேறுறது கஷ்டம். அதுக்கு மேல 147ஆம் பிரிவு இருக்கு, ஆறு மாசம் வரைக்கும் செயிலு, இல்லைன்னா 1000 ரூவா வரைக்கும் அபராதம்.

ஏறும்போது வழுக்குனா? அதுக்கு வர்க்கலா ஸ்டேஷன்ல நடந்த கேசு இருக்கு. கேரளாவுல ஒரு பொம்பளை பரசுராம் எக்ஸ்பிரஸ்ல ஏறப் போயி, தவறித் தண்டவாளத்துல விழுந்து செத்துப்போச்சு. ஏறுனாத்தானே விழுறதுக்கு, இது ஏறவே இல்லையேங்கிற வாதம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2008ல தீர்ப்பு. உள்ள இருந்து விழுந்தாலும் ஏறப் போயி விழுந்தாலும் ஒண்ணுதான், சட்டம் ஏழைபாழைக்காகப் போட்டது, அதைச் சுருக்கிப் பாக்கக் கூடாதுன்னு சொல்லிப்புட்டாங்க. நம்ம சின்ன ஸ்டேஷன் நெலமை ஒனக்கே தெரியும். ரயிலு நிக்கிறது ரெண்டு நிமிசம். ஜெனரல் பெட்டி ஒண்ணு தலைமாட்டுல, ஒண்ணு கால்மாட்டுல. பலாப்பழ மூட்டையோட ஓடிப்போன சனம், வாடிவாசல்ல மாடு புடிக்கிற மாதிரி அந்தக் கதவுல பாயுது. இதுல யாரு பயணி, யாரு இன்னும் பயணி ஆகலைன்னு அளந்து பாக்க முடியுமா?

ஆனா எதைக் கேட்டாலும் ரெண்டு கட்சி கட்டிக்கிடுறாங்க அப்பு. தொங்குனது அவன் தப்புன்னு ஒரு கட்சி, விட்டது ரயில்வே தப்புன்னு ஒரு கட்சி. 2018 சூலை 24ஆம் தேதி பரங்கிமலையில நடந்ததை எடுத்துக்க. கரண்டு கம்பி அறுந்ததால, சென்னை பீச்சிலேருந்து திருமால்பூர் போற லோக்கல் வண்டியை எக்ஸ்பிரஸ் போற தடத்துல திருப்பிவிட்டாங்க. அந்தத் தடத்துக்குப் பக்கத்துல பிளாட்பாரத்தை ஒட்டிக் காங்கிரீட்டுத் தடுப்பு. தொங்கிக்கிட்டு வந்த பசங்க அதுல அடிபட்டு விழுந்தாங்க, உசுருங்க போச்சு. தொங்கினது தப்புதான், இல்லைங்கலை. வேலைக்கு நேரமாச்சுன்னு தொங்குறவன் இருப்பான்னு அந்தத் தடத்துல வண்டியத் திருப்புன ஆளுக்குத் தெரியாதா? தடுப்பு அங்க நிக்குதுன்னு தெரியாதா? ரெண்டு கட்சியும் கத்திக்கிட்டு இருக்கும்போது சுவருக்கும் பெட்டிக்கும் நடுவுல எடைவெளி எம்புட்டுன்னு அளக்கிறவன்தான் அடுத்த உசுரைக் காப்பாத்துறவன். அந்த ஆளுக்குத்தான் எந்தக் கட்சியிலயும் எடமில்லை.

இப்ப ஒரு தண்ணிக் கதை சொல்றேன், கேளு. அந்த வர்க்கலா தீர்ப்புல நீதிபதிங்க ஒரு பழைய இங்கிலீஸ் கேசை எடுத்துக் காட்டுனாங்க. ரைலண்ட்ஸ், பிளெட்சர்னு ரெண்டு பேரு. 1868ல தீர்ப்பு. ஒருத்தர் மில்லுக்காக ஒரு குளம் வெட்டித் தண்ணி கட்டுனாரு. அது பக்கத்துக்காரர் நிலக்கரிச் சுரங்கத்துல பூந்து மூழ்கடிச்சிருச்சு. ஆபத்தான பொருளை ஒன் எடத்துல சேத்து வச்சா, அது வெளிய போயி பண்ற நாசத்துக்கு நீதான் பொறுப்பு, ஒன் மேல தப்பிருக்கோ இல்லையோன்னு லண்டன்ல சொன்னாங்க. ரயிலுக்குப் பொறுப்புச் சொன்ன சட்டம் தண்ணியிலேருந்துதான் ஏறி வந்துச்சு.

அந்தச் சட்டத்தை நம்ம பக்கம் அப்பவே கையில எடுத்துக்கிட்டு வந்தது யாரு தெரியுமா? ரயில்காரங்களேதான்! கார்வேட்டிநகரம் சமீன்ல பெரிய மழை. பழைய ஏரி ரெண்டு ஒடைஞ்சு மெட்ராஸ் ரயில்வே கம்பெனியோட பாலத்தை அடிச்சிட்டுப் போயிருச்சு. கம்பெனிக்காரன் நேரா கோர்ட்டுக்குப் போனான். ஒன் தண்ணி, என் பாலம், நீ தப்புப் பண்ணுனியா இல்லையாங்கிற பேச்சே வேணாம், பணத்தை வைன்னு சமீன்தார் மேல வழக்கு. 1874ல லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போச்சு. ஏரி இங்க சனங்களோட வெள்ளாமைக்கு ஆதாரம், காலங்காலமா இருக்கு, அதைக் காக்கிறது சமீன்தாரோட கடமை, கவனக்கொறைவு இல்லாம பணம் கேக்க முடியாதுன்னு சொல்லிக் கம்பெனியத் திருப்பி அனுப்பிட்டாங்க. கம்மாய் பாசனத்துல வளந்த நம்ம சீமைக்காரன் எவன் கேட்டாலும் அதான் சரிம்பான்.

இப்ப நம்ம மாவட்டத்துக்கு வா. ஆளில்லாத லெவல் கிராசிங்கையெல்லாம் எடுக்கணும்னு டெல்லியில முடிவெடுத்தாங்க. 2019 சனவரிக்குள்ள அகலப்பாதையில அம்புட்டையும் ஒழிச்சாங்க. நல்ல காரியம், ரயில்ல அடிபட்டுச் சாகிறது கொறைஞ்சுச்சு. இப்புடி மூடுன பல எடத்துல தண்டவாளத்துக்கு அடியில பள்ளம் தோண்டிச் சுரங்கப்பாதை வச்சாங்க. மழை பேஞ்சா தண்ணி பள்ளத்துக்குத்தானே வரும்? அதுக்கு இஞ்சினியரிங் படிக்கணுமா, ஒரு நாளு மாடு மேச்சாப் போதாதா? 2021 செப்டம்பர்ல திருமயம் பக்கம் துடையூர்ல, அப்புடி ஒரு பாதையில தேங்குன மழைத்தண்ணியில காரோட சிக்கி ஒரு டாக்டரம்மா மூச்சுத்திணறிச் செத்துப்போச்சு. ஊர்ச்சனம் ரோட்டுல உக்காந்துச்சு. இதுல நையாண்டி பண்ண ஒண்ணுமில்லை.

சட்டத்தை மட்டும் பாரு. அந்தப் பாதைக்கு மேல போற ரயில்லேருந்து டிக்கெட்டோட ஒருத்தன் தவறி விழுந்தா, தப்பே இல்லைன்னாலும் 8 லட்சம். கீழ இருக்கிற பள்ளத்துல முங்கிச் செத்தா பயணி இல்லை, 124ஏ இல்லை, அந்தத் தீர்ப்பாயத்துல எடமும் இல்லை. யாரோட கவனக்கொறைவுன்னு சிவில் கோர்ட்டுல மல்லுக்கட்டணும், இல்லைன்னா ஐகோர்ட்டுல ரிட்டு போடணும். பள்ளம் தோண்டுனது ரயில்வே. ரோடு பஞ்சாயத்தா, நெடுஞ்சாலையா? மோட்டார் யாரோடது, கரண்டு பில்லு யாரு கட்டுறது? தண்ணி சேத்தவன்தான் பொறுப்புன்னு ஊரான் ஏரிக்கு மேல கேசு போட்ட ரயில் தொழிலுதான் இது. இப்ப தான் தோண்டுன பள்ளத்துல தண்ணி நிக்கும்போது அந்தச் சட்டத்தை எவனும் கையில எடுக்கக் காணோம்.

அதனால கடைசியா ஒரு வேலை சொல்றேன். படியில தொங்குற நேரத்துல பாதியை இதுக்குச் செலவு பண்ணு. அடுத்த கிராம சபைக்குப் போ. ஒங்க ஊரு சுரங்கப்பாதையில மழைக்காலத்துல தண்ணி எறைக்கிற மோட்டார் யாரு பொறுப்புல இருக்கு, ராத்திரியில தண்ணி ஏறுனா தடுப்புப் போட்டு மறிக்கிற ஆளு யாருன்னு கேளு. அதையே தகவல் உரிமைச் சட்டத்துல மதுரைக் கோட்டத்துக்கு ஒரு மனு, கலெக்டர் ஆபீசுக்கு ஒரு மனுவா எழுதிப் போடு. ரெண்டு பதிலும் வரும். ஒண்ணு இன்னொண்ணைக் கைகாட்டும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஜெராக்ஸ் எடுத்து ரெண்டு பேருக்கும் திருப்பி அனுப்பு. ஆவன செய்யப்படும்னு வந்தா விட்றாத, யாரு, எந்தப் பதவி, எந்தத் தேதிக்குள்ளன்னு கேட்டு வாங்கு. சாவுக்கப்புறம் பொறுப்பு யாருன்னு தேடுறதுக்கு ஏழெட்டு வருசம் ஆகும். முன்னாடியே தேடுனா ஆகுற செலவு மனுவுக்குப் பத்து ரூவா கட்டணமும் தபால் செலவுந்தான்.

ஆனா ஒண்ணு, இந்தக் கெழவன் சொல்லித்தான் வந்தேன்னு மட்டும் சொல்லிராத அப்பு. என்னோட முதியோர் பென்சன் மனு அந்தக் கலெக்டர் ஆபீசுலதான் கெடக்கு.