மருமவனின் சோடாக் கணக்கு

ஏலே மருமவனே, இப்படி உக்காரு. பிராந்தியை விட்டுட்டே, பீரு மட்டுந்தான்னு ஊரெல்லாம் பெருமை அடிக்கியாமே! கல்யாண வீட்டுல குடிக்குத பிராந்தி கணக்குல சேராதுல்லா? சேராது, சேராது.

ஆஸ்பத்திரியில கம்பவுண்டரா இருந்தவன் சொல்லுதேன். குவாட்டருன்னா 180 மில்லி. 42.8 சதவீதம்னா சுத்த சாராயம் 61 கிராம். உன் ஸ்ட்ராங் பீரு 650 மில்லி, 8 சதவீதம். அதுல 41 கிராம். நீ ரெண்டு பாட்டிலுக்குக் கொறைய மாட்டியே, ஆக 82. பிராந்தியை விட்டுட்டு பிராந்தியைவிட ஜாஸ்தியாக் குடிக்கதுக்கும் ஒரு தெறமை வேணும்லே.

பீரு மெதுவாத்தான் ஏறும், அது வாஸ்தவம். தண்ணி ஜாஸ்தி பாரு. வயித்துல சேருதது அஞ்சுல ஒரு பங்குதான், மிச்சமெல்லாம் சிறுகுடல்லதான் ரத்தத்துல கலக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு மதகு இருக்கு. அது தொறக்குத வேகந்தான் உன் தள்ளாட்டத்தோட வேகம். ராவா ஊத்துனா வயிறு கோவிச்சுக்கிட்டு மதகை இறுக்கிரும். 20லருந்து 30 சதவீதம் வரைன்னா வெரசா ஏறும். நீ எப்படி? பாதி பிராந்தி, பாதி சோடா; 42.8ல பாதி 21! போதாக்குறைக்கு கேஸு வேற, பலபேருக்கு அது இன்னும் சீக்கிரமா ஏத்திவிட்டுரும். பத்தாங்கிளாஸ் கணக்குல கோட்டை விட்ட பயலுக்கு இது மட்டும் எப்படிலே கச்சிதமா வருது? அதுக்காவ மாமா ராவா அடிக்கச் சொன்னாருன்னு போய்ச் சொல்லிராதே, வயித்துச் சவ்வு புண்ணாயிரும்.

சுகர் வந்துரும்னு டயட் கோலா கலக்குதியாமே. உடம்பு மேல எம்புட்டு அக்கறை! ஆஸ்திரேலியாவுல அடிலெய்டு ஆஸ்பத்திரியில எட்டுப் பேருக்கு வோட்கா குடுத்துப் பாத்திருக்கான், 2006ல. சீனி போட்ட பானத்துல கலந்தது வயித்தைவிட்டுப் பாதி எறங்க 36 நிமிசம். சீனியில்லாததுக்கு 21 நிமிசந்தான். ரத்தத்துலயும் ஜாஸ்தியா ஏறிருக்கு. சீனி கொஞ்சம் புடிச்சு நிறுத்தும்லே, அதையும் நீ வெரட்டிட்டே.

பிரியாணி தின்னா எறங்கிரும்ங்கியே, அது குடிக்குததுக்கு முன்னாடி திங்க வேண்டியது. எல்லாம் குடலுக்குப் போன பொறவு தின்னா பிரியாணிதான் வீணு.

விடியக்காலம் ஆறு மணிக்குத் தென்காசிக்குப் பொண்ணு பாக்கப் போணும். ஈரலு மணிக்கு 7லருந்து 10 கிராம் வரைக்குந்தான் கரைக்கும். மோரு, எலுமிச்சம்பழம், காப்பி எதுக்கும் அது அவசரப்படாது. 82ஐ வகுத்துப் பாரு, எட்டுலருந்து பன்னெண்டு மணி நேரம். இப்பமே மணி பத்து, ரெண்டாவது பாட்டில் கையில இருக்கு. வழியில போலீஸ் ஊதச் சொல்லி, 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராமைத் தாண்டுச்சுன்னா, பொண்ணு வீட்டுக் காப்பிக்கு முன்னாடி ஸ்டேஷன் காப்பிதான். காரு சாவியை இங்க கொண்டா. உங்க அத்தை ஓட்டுவா.