சி.பி.யு. பதனிடும் முறை: ஆம்பூர்ச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

தோல் பதனிடுவதன் மூலவிதி ஒன்றுதான். உள்ளே இருப்பதை வழித்தெறி, மேலே இருப்பதைக் காப்பாற்று. வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் காரியம் இது. கடையில் வாங்கிய டெஸ்க்டாப் கம்ப்யூட்டருக்கும் நேர்வது இதுவே என்பதும், சென்னை ரிச்சி தெருவில் உட்கார்ந்துகொண்டு எவரும் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முதலில் கலைச்சொல். சி.பி.யு. என்றால் உள்ளே இருக்கும் சின்னச் சில்லு மட்டுமே என்று பாடநூல்கள் சொல்லும். எங்கள் பக்கத்து வழக்கில் மானிட்டருக்குப் பக்கத்தில் நிற்கும் பெட்டி மொத்தமும் சி.பி.யு.தான். பாடநூலும் வழக்கும் மோதினால் வழக்கின் பக்கம் நிற்பதே இலக்கண மரபு.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட சான்று, 2008 தீபாவளிக்கு வேலூர் ஷோரூம் ஒன்றில் நான் வாங்கிய சி.பி.யு. 1 ஜிபி ரேம், 160 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. பஸ்ஸில் மடியில் வைத்து ஆம்பூருக்குக் கொண்டுவந்தேன். வந்ததும் அதற்குத் துணி உறை தைத்தோம். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம். கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் செருப்புக் கால் கூடாது என்று சட்டம் போட்டோம். ஐரோப்பாவின் கால்களுக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்பும் ஊரில், ஒரு பெட்டிக்கு முன்னால் வெறுங்காலோடு நின்றோம் என்பதைப் பண்பாட்டு ஆய்வாளர்கள் கவனிக்க வேண்டும்.

பெட்டியின் பின்பக்கத்துத் திருகாணி மேல் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. கிழிந்தால் வாரண்டி போச்சு. ஓராண்டு அதைக் கண்ணைப் போலக் காத்தோம். வாரண்டி முடிந்த மறுநாள் கிழித்துத் திறந்து பார்த்தால், ரேம் போட இரண்டே இரண்டு இடம். ஒரு கிராபிக்ஸ் கார்டைக்கூடத் தாங்காத குட்டி பவர் சப்ளை. பெட்டிக்குள் பாதிக்கு மேல் காற்று. தோல்காரர்கள் பாஷையில் இது வெட் ப்ளூ. குரோம் ஏறியிருக்கும், நீலமாக இருக்கும், இதுவே தோல் என்று தோன்றும். ஆனால் மிச்ச வேலை வேறொருவனுக்கு. பாதி பதனிட்ட தோலை அப்படியே கப்பலேற்றாமல் முழுதாக முடித்து அனுப்புங்கள் என்று எழுபதுகளில் மத்திய அரசு இந்தத் தொழிலை நெருக்கியது. ஷோரூம்காரர்களை அப்படி யாரும் நெருக்கவில்லை.

இனி ஆய்வின் மையப் பகுதி. 2010 கோடையில் ஒருநாள் சுவிட்சைப் போட்டதும் திரை இருண்டே கிடந்தது. பெட்டி மட்டும் விட்டுவிட்டு நீளமாகக் கூவியது. சர்வீஸ் பாய்க்கு போன் போட்டேன். என்ன, ஏது என்று கேட்கவே இல்லை. "ரேமை எடுத்து ரப்பர் போட்டுப் பாத்தீங்களா சார்?" பென்சில் அழிக்கும் ரப்பர்தான். தங்க நிறப் பற்களை இரண்டு பக்கமும் மெல்லத் தேய்த்து, ஊதி, திரும்பச் செருகினேன். உயிர் வந்தது.

இந்தியா முழுக்க இந்த வைத்தியம் உண்டு. ஆனால் எங்கள் ஊரில் அதற்குத் தனிக் காரணமும் உண்டென்பது என் கருதுகோள். தோலிலிருந்து மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுவார்கள். அது அமிலத்தைச் சந்தித்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளிவரும். அழுகிய முட்டை வாசனை. வெள்ளியைக் கறுக்க வைப்பது இதுதான். கொலுசு கறுத்தால் புலம்புகிறோம், ரேம் கறுத்தால் பாய்க்கு போன் போடுகிறோம். தங்கம் கறுக்காதே என்று கேட்கலாம். ரேம் பல்லில் இருப்பது தங்க முலாம், அதுவும் மிக மெல்லியது. அதன் நுண்துளைகள் வழியே கந்தகம் அடியிலிருக்கும் செம்பைத் தொட்டுவிடும். இதை அளக்கவே உலகத் தர அளவுகோல் இருக்கிறது. ஓர் அறையில் வைத்த செம்புத் தகட்டில் மாதம் 300 ஆங்ஸ்ட்ரம்முக்குக் குறைவாகக் களிம்பு படிந்தால் அந்த அறை மின்னணுக் கருவிகளுக்கு ஏற்றது. எங்கள் வீட்டில் செம்புத் தகடு இல்லை. பாட்டியின் செம்புக் குடம் இருக்கிறது. அதை வாராவாரம் புளி போட்டுத் தேய்ப்பதால் அளவெடுக்க முடியவில்லை.

ஓர் எச்சரிக்கை. இரட்டை நிற ரப்பரில் மை அழிக்கும் பக்கத்தைப் பயன்படுத்தக் கூடாது. அது சொரசொரப்பு. கறையோடு முலாமும் போய்விடும்.

பிறகு நடந்ததைச் சுருக்கிவிடலாம். 2012-இன் மின்வெட்டில் யு.பி.எஸ். பேட்டரி போனது. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி. (ஆம்பியருக்கும் ஆம்பூருக்கும் சொல்லாராய்ச்சித் தொடர்பு ஏதும் இல்லை என்பதை வருத்தத்தோடு பதிவுசெய்கிறேன்.) அப்புறம் பவர் சப்ளை. 2015-இல் மதர்போர்டு, அதோடு பிராசசர், பழைய ரேம் புதிய போர்டில் நுழையாது என்பதால் ரேமும். ஹார்ட் டிஸ்க் போய் எஸ்.எஸ்.டி. வந்தது. 2019-இல் ஆம்பூரே வேலூர் மாவட்டத்திலிருந்து திருப்பத்தூர் மாவட்டத்துக்கு மாறியது. வீடு நகரவில்லை, தெரு நகரவில்லை, உள்ளே எல்லாம் வேறு. எங்கள் சி.பி.யு.வுக்கு அது புதிதாகத் தெரிந்திருக்காது. இன்று 2008-இல் வாங்கியதில் மிஞ்சியிருப்பது தகரக் கூடும் கிழிந்த ஸ்டிக்கரும். அதாவது, தோல்.

மறுதரப்பு வாதத்தை மறைப்பது ஆய்வு நேர்மை ஆகாது. "இதுவரைக்கும் கொட்டின காசுக்குப் புதுசா ரெண்டு வாங்கியிருக்கலாம்" என்கிறார் மனைவி. பில்களைக் கூட்டிப் பார்த்தேன். இரண்டு வராது. ஒன்றே முக்கால் வரும்.

கடைசிச் சிக்கல் மேலிடத்து ஆணை. எக்ஸ்பி போன இடத்தில் ஏறியிருந்த விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவை நிறுத்தியது மைக்ரோசாஃப்ட். பதினொன்றுக்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் வேண்டும், என் பிராசசர் அதன் பட்டியலில் இல்லை. மேலிடம் மாற்றிக்கொள்ளச் சொன்னால் இப்பகுதி என்ன செய்யும் என்பதற்கு 1806 ஜூலை 10 சான்று. தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையை அணியச் சொன்னதை எதிர்த்து வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் எழுந்தார்கள். இந்த ஒப்புமை பொருந்தாது என்கிறாள் மகள். பொருந்தாதுதான். ஆனால் இந்தப் பக்கத்துக்காரன் எழுதும் ஆய்வில் 1806 இல்லாவிட்டால் எங்கள் ஊரில் எவரும் அதை ஆய்வென்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இந்த இடத்தில் ஆய்வு தடைப்படுகிறது. மகளுக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்சை, வீட்டில் ரப்பர் ஒன்றுதான். எடுத்துக் கொடுத்தேன். நோட்டில் ஒரு வரியை அழித்தாள், அந்த இடம் இன்னும் கறுப்பானது. "என்னப்பா இது, ரேம் ரப்பரா?" என்றாள்.