டிக் போட்ட திருக்கரங்களுக்கு ஒரு விண்ணப்பம்

வங்கித் தலைமை அலுவலகத்தின் தகவல் அமைப்புத் தணிக்கைப் பிரிவில் வீற்றிருக்கும் பெருமக்களுக்கு,

என் புகாருக்குத் தாங்கள் அருளிய பதிலை நேற்று கிளையில் என் கையில் கொடுத்தார்கள். ‘எங்கள் கணினி அமைப்புகள் அனைத்தும் முறையாகத் தணிக்கை செய்யப்பட்டவை. எனவே தங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியேறியதற்கு வங்கி பொறுப்பாகாது.’ அடடா, தணிக்கை நடந்திருக்கிறது, ஆகவே திருட்டு நடக்கவில்லை! தர்க்கத்துக்கு ஒரு டிக்.

கடிதத்தை மடிப்பதற்குள் என்னை ஓரமாக நிறுத்தினார்கள். சைபர் விழிப்புணர்வு வாரமாம். ‘ஓடிபியை யாரிடமும் பகிர மாட்டேன்’ என்ற அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். பறிகொடுத்தவன் கையில் உறுதிமொழி. அது முடிந்ததும் கேஒய்சி புதுப்பிக்க அடுத்த கவுண்டருக்கு அனுப்பினார்கள். அங்கிருந்த தம்பி, “சார், ஆதார் ஓடிபி வந்திருக்கும் பாருங்க. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, ஃபேன் சத்தத்துல கேக்கல” என்றார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். தம்பிக்கு அப்போதும் விளங்கவில்லை என்று பின்னால் நின்ற பாட்டியம்மா ஒருவர் அந்த எண்களைத் திருப்பிச் சொல்லி உதவினார். அட்டைக்கு ஒரு டிக், பாட்டியம்மாவுக்கு ஒரு டிக்.

தங்கள் படிவத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் கிளையைப் பார்த்தாலே படிவம் தெரிகிறது. கடவுச்சொல் கொள்கை உள்ளதா? உள்ளது, டிக். கொள்கை கோப்பில் இருக்கிறது, கடவுச்சொல் கீபோர்டுக்கு அடியில் இருக்கிறது. இரண்டும் பத்திரம். ஃபயர்வால் உள்ளதா? உள்ளது, டிக். அதில் யார், எப்போது, எதைத் திறந்துவிட்டார், அந்த வழி இன்னும் தேவையா என்று கேட்க மட்டும் கட்டம் இல்லை போலும். இடமாற்றலான ஊழியரின் யூசர் ஐடி முடக்கப்படுகிறதா? முடக்கும்படி சுற்றறிக்கை அனுப்பியாயிற்று, டிக். நேற்று என் கேஒய்சி யார் ஐடியில் ஏறியது தெரியுமா? “மேடம் டிரான்ஸ்ஃபர் ஆயிட்டாங்க சார், ஐடி மட்டும் இங்கதான் இருக்கு” என்று தம்பி வாஞ்சையோடு சொன்னார்.

தங்களுக்கு முன்னோடிகளும் உண்டு. பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பை பிராடி ஹவுஸ் கிளை மோசடியில், ஸ்விஃப்ட் செய்தி அனுப்பும் அமைப்பும் கணக்குகளை நடத்தும் கோர் பேங்கிங்கும் இணைக்கப்படவே இல்லை. ஒன்றில் போனது மற்றொன்றுக்குத் தெரியாது. அந்த வங்கி 2018 பிப்ரவரியில் அறிவித்த தொகை சுமார் 11,400 கோடி ரூபாய். ஆண்டுக்கணக்கில் ஓடிய மோசடி அது. அத்தனை ஆண்டும் தணிக்கைகளும் நடந்துகொண்டுதான் இருந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் புனேயின் காஸ்மோஸ் வங்கியில் தீநிரல் நுழைந்தது. பணம் கேட்டவருக்குக் ‘கொடு’ என்று ஒப்புதல் தந்தது உண்மையான ஏடிஎம் சுவிட்ச் அல்ல, போலி சுவிட்ச். 28 நாடுகளின் ஏடிஎம்களிலும் ஸ்விஃப்டிலுமாகப் போனது சுமார் 94 கோடி. தொடங்கிய நாள் 11ஆம் தேதி, இரண்டாம் சனிக்கிழமை. வங்கிக்குத்தான் விடுமுறை, திருடருக்கு ஏது? வருகைப் பதிவேட்டில் அவருக்கும் ஒரு டிக்.

ரிசர்வ் வங்கி சும்மா இருக்கவில்லை. 2024 ஏப்ரலில் நடப்புக்கு வந்த அதன் ஐடி நிர்வாக நெறிமுறை, தகவல் பாதுகாப்பு அதிகாரி ஐடி துறைத் தலைவருக்குக் கீழே இருக்கக் கூடாது என்கிறது. முக்கிய அமைப்புகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது ஓட்டை தேட வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறையாவது உடைத்து நுழைந்து பார்க்க வேண்டும் என்கிறது. தங்கள் பாதுகாப்பு அதிகாரி யார் என்று விசாரித்தேன். ஐடி தலைவரே கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறாராம். தானே கட்டி, தானே சோதித்து, தானே டிக் போடும் கரங்கள் நீடூழி வாழ்க!

எந்த ஐபி முகவரியிலிருந்து என் கணக்குக்குள் நுழைந்தார்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். ‘பாதுகாப்புக் காரணங்களால் தெரிவிக்க இயலாது’ என்றீர்கள். எவருடைய பாதுகாப்பு ஐயா? நுழைந்தவனுக்கு அது தெரியும். உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், ஊடுருவல் தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தன்னிடம் சொல்ல வேண்டும் என்று நாட்டின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலிலேயே உத்தரவிட்டது. நான் எந்த இணைப்பையும் அழுத்தவில்லை, யாருக்கும் எண் சொல்லவில்லை, பணம் போன குறுஞ்செய்தி வந்த அன்றே எழுத்தில் புகார் கொடுத்தேன். மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்தால், தவறு வாடிக்கையாளருடையதாக இல்லாதபோது அவருக்கு இழப்பே கூடாது, பத்து வேலைநாளுக்குள் பணத்தைக் கணக்கில் திருப்பி வைக்க வேண்டும் என்றது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை. தவறு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிக்க வேண்டியது வங்கி. நீங்கள் எதையும் நிரூபிக்கவில்லை. லாக்கைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அது என் ஓய்வுக்காலப் பணம். அதைக் காக்கத் தெரியாத உங்களுக்கு, என்னை அட்டை பிடிக்கவைக்க மட்டும் தெரிகிறது. வெட்கமாக இல்லையா?

பொறுத்தருள்க. குரல் உயர்ந்துவிட்டது. தங்கள் புகழைவிட உயரவில்லை.

வேண்டுவது இவ்வளவுதான். என் கணக்கின் உள்நுழைவுப் பதிவுகளைத் தாருங்கள். கடைசியாக எப்போது ஓட்டை தேடினீர்கள், கண்டதில் எத்தனை இன்னும் அடைபடவில்லை என்று சொல்லுங்கள். தவறு என்னுடையது என்றால் ஆதாரத்தோடு எழுதுங்கள். முடியாதென்றால் பணத்தைத் திருப்பி வையுங்கள். இதற்கெல்லாம் டிக் போதாது, கையெழுத்து வேண்டும். கீழே பெயரும் பதவியும் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் தணிக்கையில் முழுமையாகத் தேறிய ஒரு கணக்கின் சொந்தக்காரன்

பி.கு.: 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் புரட்டினேன். என் தரவைக் காக்கத் தவறினால் தங்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. அது அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும், எனக்கு ஒரு காசும் வராது. நான் பொய்யான, அற்பமான புகார் கொடுத்தால் எனக்கும் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டாம். இந்தப் புகார் அற்பமானது என்று தாங்கள் நிரூபித்துவிட்டால், அந்தத் தொகையை என் கணக்கிலேயே பிடித்துக்கொள்ளச் சொல்லியிருப்பேன். மீதி வைத்திருந்தால்தானே!