மணிப் பல்லிப் படலம்

விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஏதேனும் ஒரு கைத்தொழில் கற்பித்தல் பெரியோர் கடமை என்று உபதேசிக்கும் அன்பர்கள், அப்பிள்ளைகள் பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்களாயின் யார் யாருக்குக் கற்பிப்பது என்ற பிரச்சினை எழும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஐந்து வயதுக் குழந்தையிடம் நூலையும் நாலு மணியையும் கொடுத்தால் கோத்துக்கொண்டு வந்து நிற்கும். பெரிய பிள்ளையோ, எதற்கு என்று முதலிலும், விற்றால் என்ன கிடைக்கும் என்று பிறகும் கேட்கும். ஆயினும், அண்ணன் மக்கள் இருவரும் தங்கை மகள் ஒருத்தியும் கத்திரி வெயிலுக்கு அஞ்சி எங்கள் கூடத்தில் முகாமிட்டிருந்தபோது, அவர்கள் கையினின்று கைப்பேசியை மீட்க வேறு மார்க்கம் தோன்றாமையால், மணியும் கம்பியும் கொண்டு சாவிக்கொத்தில் தொங்கவிடும் பல்லி செய்யும் வித்தையை நான் பிரஸ்தாபித்தேன்.

வேண்டிய சாமான்கள் அற்பமே: எடைக்கு நிறுத்துத் தரும் கண்ணாடி மணி, ஒரு குறடு, 26 கேஜ் செப்புக் கம்பி. பதவியின் பெயர் நீள நீள அதிகாரம் குறையும் உத்தியோகத்தைப் போல, கேஜ் எண் ஏற ஏறக் கம்பி மெலிந்துகொண்டே போகும்; 26 என்றால் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அக்கம்பியின் நடுவில் ஒரு மணியை மூக்காக நிறுத்திக்கொண்டு, ஒரு முனையில் இரண்டு மணிகளை ஏற்றி, மறுமுனையை அவ்விரண்டுக்குள்ளும் எதிர்த்திசையில் நுழைத்து, இரு முனைகளையும் சமமாக இழுத்தால், அந்த வரிசை மூக்கின்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். இவ்வாறே வரிசை வரிசையாகத் தலை அகன்று, கழுத்து ஒடுங்கி, வயிறு பருத்து, வால் மெலியும். கால் வரவேண்டிய இடத்தில் நாலு மணி கோத்து, நுனியில் மூன்று மணியை விரலாக வளைத்து, வந்த வழியே கம்பியைத் திருப்பவேண்டும்.

இழுக்கும் அவசரத்தில் கம்பியில் ஒரு சுருக்கு விழுந்துவிட்டால் அத்துடன் காரியம் கெட்டது. செம்பு வளைக்க வளைக்க இறுகும் ஜாதி. சுருக்கை நிமிர்த்த நிமிர்த்த அவ்விடம் விறைத்து, கடைசியில் பட்டென்று ஒடிந்துபோகும். நகை செய்யும் ஆசாரி அடிக்கடி உலோகத்தை நெருப்பில் காட்டி இளக்கிக்கொள்வது இதனால்தான் என்ற விஞ்ஞானத்தை நான் விளக்கி முடிப்பதற்குள், மூவரும் கம்பியும் கையுமாக அடுப்பங்கரையை நோக்கி எழுந்துவிட்டார்கள். வாசற்படியில் என் தாயார் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்ததனால் வீடு பிழைத்தது.

"மாமா, இத்தனை சின்ன மணிக்கு யார் உட்கார்ந்து ஓட்டை போட்டார்கள்?" என்று தங்கை மகள் கேட்டாள். யாரும் போடவில்லை. உருகிய கண்ணாடியை உள்ளே வெற்றிடம் இருக்குமாறு நெடுங்குழலாக இழுத்து, பொடிப்பொடியாகத் துண்டித்து, கூர்விளிம்பு மழுங்க மறுபடி சூடேற்றினால் மணி. துளை அதனுடன் பிறந்தது. புதுச்சேரிக்கு அருகே, 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் இவ்வகை மணிகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. இதே ஜாதி மணிகள் தென்கிழக்காசியக் கரைகளிலும் அகப்படுகின்றன. ஆந்திரத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் இம்முறையில் மணி இழுக்கும் தொழில் நம் காலம் வரை நிலைத்திருக்கிறது. இதைக் கேட்ட மூத்தவன், "அப்படியானால் ஏற்றுமதி செய்யலாம், சித்தப்பா" என்றான். சரித்திரத்தில் அவனுக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.

முதற்பல்லி, பச்சை உடலும் கறுப்புக் கண்ணுமாக, ஜீவகளையோடு உருவாகி, பீரோச் சாவியில் மாட்டப்பெற்று, பீரோவின் தலையில் வைக்கப்பட்டது. மறுநாட் காலையில் என் தாயார் பீரோவைத் திறக்க, அது அவர் தலையின் வலப்புறத்தில் விழுந்தது. பஞ்சாங்கம் வந்தது. அதில் 'கலகம்' என்று அச்சிட்டிருந்தது. மணியால் செய்த பல்லிக்குச் சாஸ்திரம் செல்லாது என்று இளையவனும், வாலிருந்தால் பல்லிதான் என்று தங்கை மகளும், விழுந்தது சாவியா பல்லியா என்பதை முதலில் தீர்மானிக்கவேண்டும் என்று மூத்தவனும் வாதாடிய ஆரவாரத்தில், பக்கத்து வீட்டார் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். பஞ்சாங்கம் பலித்துவிட்டதாகத் தாயார் திருப்தியுடன் அறிவித்தார்.

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் விதானத்துப் பொன் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்கியவர்களைப் பல்லி தோஷம் தீண்டாது என்பது ஐதிகம். தாம் எப்போதோ தொட்டாகிவிட்டதென்றும், கவலை தொடாதவர்களுக்குத்தான் என்றும் அவர் சொன்னதே தாமதம், மூத்தவனின் கண்கள் பிரகாசித்தன. அன்று மாலையே பச்சைப் பல்லி உற்பத்தி நிறுத்தப்பட்டு, பொன்னிறம் ஒன்று, வெண்ணிறம் ஒன்று என ஜோடிப் பல்லிகள் தயாராயின. 'பரிகாரத்துடன் கூடிய கீ செயின்' என்று தெரு முழுவதும் விற்பனையும் ஆயிற்று. முதல் ஜோடியை வாங்கியது பஞ்சாங்கத்துக்குரியவரேதான், அதுவும் பேரம் பேசி.

இம்முயற்சியில் இறங்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: தாம்பாளத்தில் பழைய துணி ஒன்றை விரித்து, மணிகளை அதன்மேல் கொட்டுங்கள், உருளா; வேலை முடிந்ததும் கம்பி முனையை இரண்டு வரிசை உள்ளே திருப்பிச் செருகுங்கள், சட்டைப்பையில் குத்தாது; வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், பொட்டலத்தைப் பிரிக்கவே வேண்டாம்.