ஐஸ் வைப்போம், உடைப்பானேன்?

நமக்கு ஐஸ் வைக்கத் தெரியும். மாமனாருக்கு, மேலதிகாரிக்கு, தேர்தல் நேரத்தில் வாக்காளருக்கு என்று வைத்துவைத்துப் பழகிய கை. வைத்ததை உடைக்கச் சொல்லி யாரும் கேட்டதில்லை. உடைக்கும் வழக்கம் ஆசிரியர் பயிற்சிகளின் வழியாகத்தான் பள்ளிக்குள் நுழைந்தது. பயிற்சியின் முதல் அரைமணி நேரம் 'ஐஸ் பிரேக்கிங்'. இருபது வருடம் பாடம் நடத்தியவர்கள் வட்டமாக நின்று கைதட்டி, தங்கள் பெயரோடு ஒரு பழத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். அதே சரக்கு ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் இறக்கப்படுகிறது. ஜூன் மாதம் தர்மபுரி மாவட்டத்தின் தொப்பூர்க் கணவாயில் ஐஸ் இருந்தால் நெடுஞ்சாலையோரக் கடையின் குளிர்பானப் பெட்டியில்தான் இருக்கும். பிள்ளைகளுக்கு நடுவிலும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டல்லவா சுத்தியலை எடுக்க வேண்டும்?

இல்லை என்பது என் கட்சி. சின்ன ஊரின் தொடக்கப் பள்ளிக்கு முதல் நாள் வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் ஒரே அங்கன்வாடியில் ஒரே பாயில் தூங்கி எழுந்தவர்கள். எவன் கடிப்பான், எவள் காட்டிக்கொடுப்பாள், யார் வீட்டு நாய் துரத்தும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அந்த அறைக்குப் புதிய ஆள் தர்மபுரியிலிருந்தோ சேலத்திலிருந்தோ பஸ் பிடித்து வந்த டீச்சர்தான். அவர் தெரிந்தவர்களைத் தெரிந்தவர்களுக்கே அறிமுகம் செய்துவைக்கிறார். எழுந்து நில், பெயர் சொல், அப்பா என்ன வேலை சொல், பெரியவனாகி என்ன ஆகப்போகிறாய் சொல். கணக்குப் போடுங்கள்: 20 பிள்ளைகள், ஆளுக்கு 2 நிமிடம். ஒவ்வொரு பிள்ளையும் 2 நிமிடம் நடுங்கிவிட்டு 38 நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்கிறது. முதல் பிள்ளை டாக்டர் என்கிறது, இரண்டாவது கலெக்டர் என்கிறது. அப்புறம் கடைசிவரை இந்த இரண்டும்தான். மணி அடிப்பதற்குள் தர்மபுரி மாவட்டத்துக்கு ஒன்பது கலெக்டர்கள். கணவாயில் லாரி இறங்குவதைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு லாரி ஓட்டத்தான் ஆசை இருக்கும். தன் முறை வருவதற்குள் அவனும் டாக்டராகிவிடுகிறான். அப்பாவைப் பற்றிய கேள்வி இதைவிட மோசம். அப்பா இல்லாத பிள்ளையும் அந்த வரிசையில்தான் நிற்கிறது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகளும் இந்த மாவட்டத்தில் உண்டு. அவர்களுக்கு நாற்பது கண்கள் பார்க்க எழுந்து நிற்பதே பாதி உயிர் போகிற காரியம். இதற்குப் பெயர் உடைப்பதா? இல்லாத ஐஸை உறையவைப்பது.

பேச்சுக்கு முன்னால் வேறு ஏதோ ஒன்று வேண்டும் என்பது அரசாங்கத்துக்கே தெரிந்திருக்கிறது. 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றலில் கரும்பலகை பிள்ளையின் உயரத்துக்கு இறங்கியது. டீச்சரும் நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார்ந்தார். பாட அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்ட பிள்ளைக்குத் தன்னைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. அப்புறம் காலை உணவுத் திட்டம் வந்தது. 2023 ஆகஸ்டு 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் முதல் மணிக்கு முன்பே தட்டு வந்துவிடுகிறது.  தொடங்கிய காலத்தில் திங்கட்கிழமை என்றால் உப்புமா. முன்பின் தெரியாத இரண்டு தமிழர்களை ஒன்றுசேர்க்க உப்புமாவைப் போல ஒரு பொதுப் பிரச்சினை உலகத்தில் வேறு கிடையாது.

விளையாட்டே வேண்டும் என்றால் நம்மிடம் இல்லாததா? தலைவி ஒருத்தி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயரை வைப்பாள். ஒருவனின் கண்ணைப் பொத்திக்கொண்டு ஒரு பூவைக் கூப்பிடுவாள். அந்தப் பூ ஓசைப்படாமல் வந்து கிள்ளிவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்ளும். கிள்ளியது யார் என்று அவன் கண்டுபிடிக்க வேண்டும். காலடிச் சத்தம், வளையல் சத்தம், அடக்க முடியாத சிரிப்பு, எண்ணெய் வாசனை என்று ஒரு மனுஷனை அறிய எத்தனை வழி இருக்கிறதோ அத்தனையும் இதில் இருக்கிறது. கடைசியில்தான் பெயர். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு விளையாட்டில் ஒவ்வொருவரும் இரண்டு உண்மையும் ஒரு பொய்யும் சொல்ல வேண்டுமாம். நம் பிள்ளைகளுக்குப் பொய்யில் பயிற்சி தேவையில்லை.

சபையில் பேசிப் பழக வேண்டாமா என்பார்கள். வேண்டும், ஜூலையில் பழகட்டும். கணவாயில் இறங்கும் லாரி முதலில் சின்ன கியருக்கு வருகிறது, பள்ளிக்கூடத்துக்கு என்ன அவசரம்? பெயர் தெரிய வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. சேர்க்கை முடிந்ததுமே பெயர், பிறந்த தேதி, பெற்றோர் விவரம் எல்லாம் கல்வித்துறையின் எமிஸ் இணையப் பதிவேட்டில் ஏறியாகிவிட்டது. எழுந்து நின்று சொல்வதில் அதில் இல்லாதது டாக்டர் ஆசை ஒன்றுதான். ஓங்கிக் கிள்ளிவிட்டால் அம்மா சண்டைக்கு வந்துவிடுவாளே என்ற பயம் மட்டும் நியாயமானது. கிள்ளுவதற்குப் பதில் தோளில் தட்டச் சொல்லலாம். அப்படியும் கிள்ளுகிறவன் ஒருவன் இருப்பான். அவன் பெயர் டீச்சருக்கு பத்தரை மணிக்கே மனப்பாடம்.

ஒரே ஒரு திருத்தம். முதலில் கண்ணைப் பொத்த வேண்டியது டீச்சருக்கு. புது ஆள் அவர்தானே? அல்லி தட்டுவாள், இவர் குண்டுமல்லியைக் காட்டுவார். வகுப்பே ஓவென்று கத்தும். மறுபடி தப்பு, மறுபடி கத்தல். ஆறாவது தப்புக்கு முன்னால் ஒரு பிள்ளை இரக்கப்பட்டு, அவர் காதோரம் வந்து சரியான பெயரைச் சொல்லிவிட்டுப் போகும். அதற்குள் ஆப்பில் வருகைப் பதிவு போடுகிற நேரம் வந்திருக்கும். சிக்னல் கிடைத்தால் போடலாம்.